சாங்கியிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

நீங்கள் கேட்டது இது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து தங்கை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள். தங்கை இருப்பது நியூஜெர்சி மாநிலத்து எடிசனில். சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓர் இடத்தில் 15,340 என்று வருகிறது, இன்னோர் இடத்தில் 9,535, வேறோர் இடத்தில் 16,600. நேரமும் அப்படியே: 17 மணி, 18.45, 19.30. டிக்கெட்டிலோ இரவு 11.30-க்கு ஏறி மறுநாள் காலை 6.15-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குகிற கணக்காக இருக்கிறதே, இதில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் டிக்கெட் போடும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறையாவது வரும். நீங்கள் பார்த்த எண்களில் ஒன்றைத் தவிர எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றைச் சொல்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு வேண்டிய எண் 18 மணி 45 நிமிடம். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், போகும் நாளில் விமானம் சீக்கிரம் போனாலும் தாமதமானாலும் வீட்டில் யாரும் பதறமாட்டீர்கள்.

முதலில் தூரம். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து, நூலை இறுக்கமாக இழுங்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நூல் பசிபிக் பக்கமோ ஐரோப்பா பக்கமோ போகும் என்று தோன்றும். போகாது. நேராக வடக்கே ஏறும். சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும்.

ஏன் இப்படி என்றால், சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104-ல். நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை கிட்டத்தட்ட 74-ல். இரண்டையும் கூட்டினால் 178 பாகை. 180 வந்தால் உலகத்தின் நேர் எதிர்ப்புறம் என்று அர்த்தம். அதாவது இந்த இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே வட்டத்தின் இரண்டு பக்கங்களில் இருக்கின்றன, நடுவில் வட துருவம். மிகக் குறுகிய பாதை துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளித்தான் போகிறது.

இதனால் ஒரு வசதி உண்டு. மற்ற இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் காண சைன், கொசைன் எல்லாம் வேண்டும். இந்த ஜோடிக்குக் கூட்டல் கழித்தலே போதும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.36 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து துருவம்வரை 88.64 பாகை. கென்னடி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு 40.64 பாகை வடக்கே இருக்கிறது, ஆக துருவத்திலிருந்து அங்கே 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 15,330-ஐ ஒட்டி வருகிறது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதையும் சேர்த்துக் கணக்கிடும்போது பத்து இருபது கிலோமீட்டர் மாறும். சில தளங்களில் 15,349 என்று பார்ப்பது அதனால்தான்.

9,535 என்பதும் இதே தூரம்தான், சாதாரண மைலில். 8,280 என்று எங்காவது பார்த்தால் அது கடல் மைல். விமானிகளும் விமான நிறுவனங்களும் பேசுவது கடல் மைலில். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பார்க்காமல் போனால் ஆறாயிரம் ஏழாயிரம் வித்தியாசம் வந்து குழப்பத்தான் செய்யும்.

அப்போ 16,600? அது விமானம் உண்மையிலேயே பறந்த தூரம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

குறுக்கு வழியில் 15,340 கிலோமீட்டர் இருக்கும்போது எதற்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்ற வேண்டும்? ஒரு காரணம் அரசியல்: துருவ வழி சைபீரியாவுக்கு மேலே போகிறது, 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வானத்தைத் தவிர்க்கின்றன. இன்னொரு காரணம் ஆர்க்டிக்கின் இயல்பு. அவசரத்துக்கு இறங்க அங்கே ஓடுதளங்கள் குறைவு. வெளிக்குளிர் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகின் பெரும்பாலான இடங்களில் நிரப்பும் விமான எரிபொருளே மைனஸ் 47 பாகை செல்சியஸை ஒட்டி உறையத் தொடங்கும். ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் காற்று.

தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலேயும் வட பசிபிக்கிலும் அது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. பின்னாலிருந்து 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால் தரையை வைத்துப் பார்க்கும்போது வேகம் 1,100. எதிரே அடித்தால் 700. ஆற்றில் பரிசல் போகிற மாதிரிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாமல் துருவத்து வழியில் 15,340 கிலோமீட்டரை 900-ல் கடக்க 17 மணி நேரம். பசிபிக்கைச் சுற்றி 16,600 கிலோமீட்டர் போகும்போது, பயணம் முழுவதுக்கும் சராசரியாக 70 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தாலே வேகம் 970 ஆகிவிடும். 16,600-ஐ 970-ஆல் வகுத்தால் வருவது 17 மணி சொச்சம். சுற்றுவழியில் போயும் நேரம் அதேதான். காற்று நன்றாக அமைந்த நாளில் சுற்றுவழிதான் சீக்கிரம்.

அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பல நாட்களில் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா, கனடா என்று கிழக்காகவே போகிறது. திரும்பி வரும் விமானம் வந்த வழியே வருவதில்லை. அது அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்காகவே வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. அப்படிப்பட்ட நாட்களில் போய்த் திரும்பினால் உங்கள் அம்மா உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்திருப்பார். இதை ஊரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள், உண்மையான பெருமை அது. எந்த நாளில் எந்தப் பாதை என்பது காற்று வரைபடத்தைப் பார்த்துப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவாகும். விமானம் புறப்பட்டதும் கைப்பேசியில் அதன் பாதையைப் பார்த்துவிட்டு "ஏன் எங்கோ போகிறது" என்று பயப்பட வேண்டாம்.

இனி நேரம். 17 என்று நீங்கள் பார்த்தது வானத்தில் இருக்கும் நேரத்தை ஒட்டியது. 19.30 தான் நான் சொன்ன அந்தத் தப்பான எண். சில தளங்கள் எந்த இரண்டு ஊர் கொடுத்தாலும் தூரத்தை 500 மைலால் வகுத்து, மேலே அரைமணி கூட்டிச் சொல்லிவிடும். 9,535-ஐ 500-ஆல் வகுத்தால் 19 மணி, கூட ஒரு அரைமணி: 19.30. காற்றும் இல்லை, பாதையும் இல்லை, எந்த விமானம் என்றும் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் 18.45 என்பது சாங்கியில் விமானம் வாயிலிலிருந்து பின்னால் நகரும் நொடியில் தொடங்கி, நியூயார்க்கில் வாயிலில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. பருவத்துக்குப் பருவம் கால் மணி, அரை மணி கூடிக் குறையும். நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே போடும். 2018 அக்டோபர் 11-ஆம் தேதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பகுதிக்கு நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது முதல் விமானமே 18 மணி நேரத்துக்குள் நியூஜெர்சியில் இருக்கும் நெவார்க் விமான நிலையத்தில் இறங்கிவிட்டது.

"மறுபடி" என்றேன். முதல்முறை தொடங்கியது 2004-ல், நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில். நான்கு எஞ்சின் குடிக்கும் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தினார்கள். இப்போது போவது இரட்டை எஞ்சின் ஏ350-900-இன் நெடுந்தூர வகை. சாதாரண ஏ350-900 ஒரு லட்சத்து 41 ஆயிரம் லிட்டர் எரிபொருள் கொள்ளும். இது ஒரு லட்சத்து 65 ஆயிரம். அந்த எடையைத் தூக்குவதற்காக ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 இருக்கைதான். சாதாரண எகானமி கிடையவே கிடையாது. விலையைப் பார்த்து நீங்கள் அதிர்ந்ததற்குக் காரணம் இதுதான். கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரிலிருந்து போகிறது, நெவார்க்குக்கும் தனியாகப் போகிறது.

டிக்கெட்டில் இரவு 11.30, காலை 6.15 என்று இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 13 மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னால் இழுப்பார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் இல்லை. சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குளிர்காலத்தில் 13 ஆவதற்குக் காரணம் நம்முடைய கடிகாரம்தான். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து அரைமணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம், ஏற்கெனவே முன்னால் ஓடியதோடு சேர்த்து, இருக்கும் இடத்துக்கு இப்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம். சிங்கப்பூரில் உச்சிவெயில் பகல் ஒரு மணிக்கு அடிப்பது அதனால்தான்.

டிக்கெட்டை மட்டும் வைத்து ஒரு பக்கத்துக்கு வாயிலிலிருந்து வாயில்வரை சராசரியாக எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், எந்த ஊருக்கும் பொருந்தும். போகும் விமானத்தில் கடிகாரப்படி எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள்: 11.30-லிருந்து 6.15, அதாவது 6 மணி 45 நிமிடம். வரும் விமானத்துக்கும் அப்படியே: செவ்வாய் இரவு 10.30-க்குக் கிளம்பி வியாழன் காலை 5.15, அதாவது 30 மணி 45 நிமிடம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 18 மணி 45 நிமிடம் வந்து நிற்கும். நேர வித்தியாசம் ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் தானே அடிபட்டுப் போய்விடுகிறது.

திரும்பும் தேதியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். செவ்வாய் இரவு ஏறினால் புதன்கிழமை என்று ஒன்று ஏறக்குறைய வானத்திலேயே போய்விடும், இறங்குவது வியாழன். என்னிடம் டிக்கெட் எடுத்த ஒரு பெரியவரின் மகன், அப்பா செவ்வாய் இரவு ஏறுகிறார், அப்படியென்றால் புதன் விடியற்காலை வந்துவிடுவார் என்று நினைத்து சாங்கிக்குப் போய்விட்டார். வருகைப் பலகையில் விமானமே இல்லை. அப்பாவின் கைப்பேசியும் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு என்னை அழைத்தபோது குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் விமானம் அப்போதுதான் நியூயார்க்கில் கிளம்பவே இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்றிலிருந்து நான் கொடுக்கும் ஒவ்வொரு டிக்கெட் தாளிலும் இறங்கும் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கோடு போட்டுத்தான் கொடுக்கிறேன்.

இப்போது உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கென்னடி என்று கேட்டீர்கள். தங்கை எடிசனில் இருந்தால் நெவார்க் போடுங்கள். இரண்டு விமான நிலையத்துக்கும் சாங்கியிலிருந்து தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பதினைந்தாயிரத்தில் நாலைந்து கிலோமீட்டர் ஒரு வித்தியாசமா? தரையில் அப்படி இல்லை. நெவார்க்கிலிருந்து எடிசன் அரைமணித் தொலைவு. கென்னடியிலிருந்து வருவதென்றால் நியூயார்க் நகரத்தைக் கடந்து, பாலங்களில் நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும். காலை அலுவலக நேரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் தாங்காது. தங்கை குவீன்ஸ் பக்கம், ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு அருகில் இருந்திருந்தால் கென்னடியே சரி என்று சொல்லியிருப்பேன்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும் விமானம் விலை குறைவு, அதில் எகானமி உண்டு. தூரம் பார்த்தால் 16,460 கிலோமீட்டர்தான், நேர்வழியைவிட ஆயிரத்து நூறு மட்டுமே அதிகம். ஆனால் நேரம் ஏறத்தாழ 24 மணி. நடுவில் எல்லாரையும் கையிலிருக்கும் பையோடு இறக்கி, மறுபடி சோதனை செய்து ஏற்றுவார்கள். இளையவர்களுக்கு அது நல்லதுதான், கால் நீட்டிக்கொள்ளலாம். மொழி தெரியாத இடத்தில் தனியாக நிற்கப்போகும் எழுபது வயதுக்காரருக்கு நான் நேரடி விமானத்தைத்தான் சொல்வேன். பணம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இந்த ஒரு பயணத்தில் அதைப் பார்க்காதீர்கள்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். அம்மா நன்றாக நடப்பவராக இருந்தாலும் கேளுங்கள். கட்டணம் கிடையாது, நெவார்க்கில் குடிநுழைவு வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற நாளில் அதன் அருமை தெரியும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், ஏறின பிறகு கேட்டால் கிடைக்காது. இருக்கை நடைவழி ஓரம். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு அம்மா எழுந்தே போகமாட்டார், தண்ணீரும் குடிக்கமாட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் கூடும், இது பதினெட்டு. சாப்பாடு ஒவ்வொன்று முடிந்ததும் பின்பக்கம்வரை நடந்து வரச் சொல்லுங்கள். உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும்.

சன்னல் வழியாகத் தெரியும் பகல் இரவை வைத்து அம்மா நேரம் பார்த்தால் குழம்பிப்போவார். குளிர்காலத்தில் பசிபிக் வழியாகப் போகும்போது சூரியன் உதித்து நாலைந்து மணி நேரத்தில் மறைந்துவிடும், மறுபடி இருட்டு. "ஒரு நாள் முடிந்துவிட்டது" என்று நினைத்து இரண்டாவது தடவை சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதனால் விமானத்தில் இருக்கும்வரை கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மாத்திரைகளை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே சிங்கப்பூர் நேரத்தை எழுதிக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அந்த நாளின் அளவையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை நான் சொல்லக்கூடாது.

ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை போனால் இன்னொரு நிம்மதி: வித்தியாசம் சரியாக 12 மணி நேரம் என்பதால் இறங்கிய பிறகும் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். இங்கே காலை எட்டு என்றால் அங்கே இரவு எட்டு. இங்கே எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையை அங்கேயும் முள் எட்டில் இருக்கும்போது, இரவில் போடத் தொடங்கி மெதுவாகக் காலைக்கு மாற்றலாமா, இல்லை முதல் நாளே காலைக்குப் போய்விடலாமா என்பதையும் அதே மருத்துவரிடமே கேட்டு, தங்கைக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.